தலையில் அடிபட்ட பிறகு வரும் இரவுகள்: தூக்கத்தைக் கெடுப்பது எது, என்ன செய்யலாம்

என் தம்பி பைக்கிலிருந்து விழுந்தது மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். குறுக்கே ஓடிய நாய்க்காக பிரேக் பிடித்திருக்கிறான், சாலையோர மணலில் சக்கரம் வழுக்கிவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தான். முழங்கையில் சிராய்ப்பு, தலையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் தூக்கி உட்கார வைத்த நண்பனிடம் "நாம எங்கடா போயிட்டிருக்கோம்?" என்று மூன்று முறை கேட்டிருக்கிறான். ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், நார்மல். சில மணி நேரம் வைத்திருந்து பார்த்துவிட்டு, கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி என்று எழுதிக் கொடுத்தார்கள். "ரெஸ்ட் எடுக்கட்டும், நல்லா தூங்கட்டும்" என்றார் டியூட்டி டாக்டர்.

அந்த 'நல்லா தூங்கட்டும்' மட்டும் நடக்கவில்லை. பகலை எப்படியோ ஓட்டிவிடுவான். ராத்திரி பத்து மணியானால் ஒவ்வொன்றாக ஆரம்பிக்கும். படுத்தால் சுற்றல், சுற்றல் அடங்கினால் தலைவலி, கண்ணயர்ந்தால் தூக்கிவாரிப் போடும் கனவு. ஒரு இரவு முழுதாக அவன் தூங்கி எழ ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தில் டாக்டர்களிடம் கேட்டது, தேடிப் படித்தது, நாங்கள் தப்பாகச் செய்து திருத்திக்கொண்டது எல்லாவற்றையும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்களைப் பார்க்கும் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

எங்களுக்குத் தாமதமாகப் புரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'தூக்கம் வரலை' என்பது ஒரே புகார் மாதிரி தெரியும். அதற்குள் நாலைந்து தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கும். சுற்றலுக்கு ஒரு வைத்தியம், கழுத்து வலிக்கு ஒன்று, பயத்துக்கு இன்னொன்று. தூக்கத்தை வரவழைக்கப் பாடுபடுவதைவிட, அதைக் கலைப்பது எது என்று கண்டுபிடிப்பது சுலபம்.

ஸ்கேன் நார்மல் என்றால் இவ்வளவு தொந்தரவு ஏன் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். கன்கஷனில் நடப்பது வேறு. தலை குலுங்கும்போது மூளையின் நரம்புச் செல்கள் இழுபடுகின்றன. செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. அதையெல்லாம் பழையபடி ஒழுங்குபடுத்த மூளைக்கு நிறைய சக்தி வேண்டும், அந்த நேரம் பார்த்து மூளைக்கு வரும் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். செலவு கூடி வரவு குறைந்த வீடு மாதிரிதான். இது சி.டி.யில் தெரியாது. ஹெல்மெட் மண்டையோட்டைக் காப்பாற்றும், உள்ளே மூளை குலுங்குவதை அது முழுதாகத் தடுக்காது. ஆகவே 'ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, எல்லாம் மனப்பிரமை' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

முதல் இரண்டு இரவுகள்: தூங்க விடலாமா?

தலையில் அடிபட்டவரைத் தூங்கவே விடக்கூடாது என்று எங்கள் தெருவில் பார்க்க வந்த அத்தனை பேரும் சொன்னார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே ரத்தம் சேரும் ஒரு வகைக் காயத்தில், அடிபட்டவர் சில மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், அப்புறம் நினைவு மங்க ஆரம்பிக்கும். பார்க்கிறவர்கள் அதைத் தூக்கம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ஆபத்து அந்தக் கசிவால்தான், தூக்கத்தால் இல்லை. டாக்டர் பார்த்து, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டால் தூங்க விடலாம், தூங்கத்தான் வேண்டும். இடையில் எழுப்பிப் பார்க்க வேண்டுமா, எத்தனை முறை என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களை முதல் ராத்திரி இரண்டு முறை எழுப்பிப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு மணிக்கு எழுப்பினேன். "பேரு சொல்லு" என்றேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து, "என்னக்கா, என் பேரு உனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தான். அந்தக் கோபத்தைக் கேட்டு எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது. கேட்ட கேள்வி புரிகிறது, பதில் ஒழுங்காக வருகிறது, குரல் குழறவில்லை. பார்க்க வேண்டியது அவ்வளவுதான். பேரைக் கேட்பதோடு, இரண்டு கையையும் தூக்கச் சொல்லி ஒரே அளவு உயருகிறதா என்றும் பாருங்கள்.

இவை இருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்: எழுப்பினால் எழாமல் இருப்பது அல்லது எழுந்தும் ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவது, திரும்பத் திரும்ப வாந்தி, மணிக்கு மணி கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலமிழப்பது அல்லது மரத்துப் போவது, ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிவது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி தெளிவாக வடிவது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லேசான அடி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது நல்லது.

படுத்ததும் அறை சுற்றுகிறது

எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான், கண்டுபிடித்ததும் சட்டென்று சரியானதும் இதுதான்.

முதல் வாரம் முழுக்க அவன் "தலை சுத்துது" என்று மட்டும்தான் சொன்னான். சுற்றலுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். மந்தமாக இருந்தான், படுத்தால் மறுபடி சுற்றியது. எட்டாம் நாள் ராத்திரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம் என்று துருவித் துருவிக் கேட்டேன். "வலப்பக்கம் புரண்டா மட்டும்தான் சுத்துதுக்கா. இடப்பக்கம்னா ஒண்ணும் இல்ல." புரண்டு காட்டச் சொல்லி மொபைலில் எண்ணினேன். இரண்டு மூன்று விநாடி ஒன்றுமில்லை, அப்புறம் கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான், கிட்டத்தட்ட இருபது விநாடியில் அடங்கியது.

மறுநாள் இ.என்.டி. டாக்டரிடம் இதை அப்படியே சொன்னோம். அவர் அவன் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்து, தலை மேஜை விளிம்புக்குக் கீழே கொஞ்சம் தொங்கும்படி பிடித்துக்கொண்டு கண்ணையே பார்த்தார். கருவிழி தானாகத் துடித்து ஓடியது எனக்கே தெரிந்தது.

நம் உள்காதில் உடம்பின் சமநிலையை உணர ஒரு சின்னப் பை மாதிரி உறுப்பு இருக்கிறது. அதில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். தலையில் அடிபட்டால் அதில் சில பெயர்ந்து பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும். தலையைச் சாய்க்கும்போது துகள் உருள, குழாய்க்குள் இருக்கும் திரவமும் நகர, 'நீ சுற்றுகிறாய்' என்று மூளைக்குப் பொய்த் தகவல் போகிறது. துகள் நின்றதும் சுற்றலும் நின்றுவிடும். அதனால்தான் ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறது. இதற்கு எப்லி முறை என்று ஒன்று இருக்கிறது. ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் கொண்டுவந்து 1992-ல் விரிவாக எழுதியது. தலையை வரிசையாக நாலைந்து நிலைகளில் திருப்பி, துகளை வந்த வழியே வெளியே உருட்டிவிடுகிறார்கள். மருந்தும் ஊசியும் கிடையாது, சில நிமிட வேலை. தம்பிக்கு ஒரே தடவையில் பெருமளவு விட்டுவிட்டது. அடிபட்டு வந்த சுற்றலுக்குச் சில பேருக்கு இரண்டு மூன்று தடவை தேவைப்படும், சில மாதம் கழித்துத் திரும்பவும் வரலாம்.

வீடியோ பார்த்து நாமே செய்துகொள்ளலாமே என்று தோன்றும். அடிபட்டவருக்கு முதல் தடவை அப்படிச் செய்ய வேண்டாம். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரிய வேண்டும், கழுத்தில் காயம் இல்லை என்று உறுதியாக வேண்டும். டாக்டரைப் பார்க்கும் வரை தலையணையை உயர்த்தி, சுற்றாத பக்கமாகப் படுக்க வையுங்கள். எழும்போது ஒரே மூச்சில் எழாமல், பக்கவாட்டில் ஒருக்களித்து, கையூன்றி உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்து நிற்கட்டும். பாயில் படுத்து எழுகிறவர்களுக்கு அந்த நாட்களில் கட்டில் நல்லது. பாத்ரூம் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். இந்தச் சமயத்தில் இன்னொரு முறை விழுந்து தலையில் அடிபடுவது ரொம்ப ஆபத்து.

எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டிக்கொண்டு வந்தால் அது ரத்த அழுத்தம் இறங்குவதாக இருக்கலாம். படுத்தாலும் உட்கார்ந்தாலும் மணிக்கணக்காக விடாமல் சுற்றினால், நடை தள்ளாடினால், காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

தலைவலி தூங்க விடவில்லை, அல்லது விடியற்காலையில் எழுப்புகிறது

வலி எங்கே ஆரம்பிக்கிறது என்று கையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிடரியில் தொடங்கி மேலேறி நெற்றிப் பக்கம் வருகிறது, கழுத்தைத் திருப்பினால் கூடுகிறது என்றால் மூளையைவிடக் கழுத்தின் மேல்தான் சந்தேகப்பட வேண்டும். தலையை உலுக்கிய அதே வேகம் கழுத்துத் தசையையும் இழுத்திருக்கும். பகலில் அசைந்துகொண்டே இருப்பதால் தெரியாத வலி, ராத்திரி ஒரே நிலையில் படுக்கும்போது தெரியும். எங்கள் வீட்டுத் தலையணை பழைய இலவம்பஞ்சு, நடுவில் குழியாகி ஓரத்தில் கட்டியாகிக் கிடந்தது. அதை எடுத்துவிட்டு, தலையும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி நடுத்தர உயரத்தில் ஒன்று வைத்தோம். படுப்பதற்கு முன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் பிடரியில் 15 நிமிடம் வைப்போம். ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த கழுத்துப் பயிற்சிகள் இதைவிட அதிகம் உதவின. கழுத்தை நெட்டி முறிக்கிறேன், உருவிவிடுகிறேன் என்று யார் வந்தாலும் சம்மதிக்காதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. முதல் இரண்டு நாள் பாராசிட்டமால்தான் வழக்கமாகச் சொல்வார்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டலாம் என்பதால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். இரண்டாவது, இது நிறைய பேருக்குத் தெரியாது: தலைவலி மாத்திரையே தலைவலியை நிலைக்க வைத்துவிடும். சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாள், பல மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாள், இந்த அளவை மாதாமாதம் எட்டினால் மாத்திரையின் வேகம் குறையும் விடியற்காலையில் தலைவலி எழுப்பும். கடையில் சுலபமாகக் கிடைக்கும் தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் காஃபீனும் சேர்ந்திருக்கிறது. படுக்கும் முன் போட்டால் வலி குறைந்து தூக்கமும் போய்விடும். அட்டையின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

அம்மா பாசத்தோடு நெற்றியில் தைலம் பூசிக்கொண்டே இருந்தார். அந்த நெடிதான் அவனுக்குக் குமட்டலைக் கிளப்புகிறது என்று மூன்று நாள் கழித்துத்தான் வாய் திறந்து சொன்னான். கொசுவத்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணிப் புகைக்கும் இதே கதைதான். கொசுவலை கட்டிவிட்டோம்.

எழும்போதே வாந்தியோடு வரும் தலைவலி, படுத்தால் அல்லது இருமினால் கூடும் தலைவலி, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போவது, இவற்றைக் கன்கஷன்தானே என்று விட்டுவிடாதீர்கள். மறுபடி காட்டுங்கள்.

உடம்பு அசந்துபோயிருக்கிறது, கண் மட்டும் மூட மாட்டேன் என்கிறது

முதலில் மொபைல். 12 முதல் 25 வயது வரை உள்ள 125 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அடிபட்ட முதல் 48 மணி நேரம் திரை பார்க்க வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்களுக்குத் தொந்தரவுகள் சராசரியாக மூன்றரை நாளில் தீர்ந்தன. பார்க்கலாம் என்று விடப்பட்டவர்களுக்கு எட்டு நாள் ஆனது. முதல் இரண்டு நாள் மொபைலை வாங்கி வைத்துக்கொள்ள இதைவிட வேறு காரணம் வேண்டாம். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம், ராத்திரி படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும் கண்டிப்பாக இல்லை.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு நாங்கள் எதிர்த் திசையில் ஒரு தப்பு செய்தோம். ஜன்னலைச் சாத்தி, திரை போட்டு, பத்து நாள் அவனை இருட்டு அறையில் படுக்க வைத்தோம். பகலெல்லாம் படுத்தே கிடந்தவனுக்கு ராத்திரி எப்படித் தூக்கம் வரும்? 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டுக் கன்கஷன் நிபுணர்களும் முழு ஓய்வை இப்போது பரிந்துரைப்பதில்லை. ஒன்றிரண்டு நாள் அடக்கமாக இருந்துவிட்டு, லேசாக நடக்க ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். 2019-ல் வெளியான ஒரு ஆய்வில், தொந்தரவு கூடாத அளவுக்கு லேசான உடற்பயிற்சி செய்த வளரிளம் பருவத்தினர் 13 நாளில் தேறினார்கள், கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது. எவ்வளவு நடக்கலாம் என்பதற்குச் சுலபமான கணக்கு உண்டு. இப்போதைய தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேளுங்கள். நடக்கும்போது அது இரண்டு மார்க்குக்கு மேல் ஏறினால் நிறுத்திவிடுங்கள். தம்பி நடக்க ஆரம்பித்த முதல் நாள் தெருமுனை வரை போனான், அதிலிருந்து இரண்டாம் வாரக் கடைசியில் குளக்கரையை ஒரு சுற்று.

காலையில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். எத்தனை மணிக்குத் தூங்குவது என்பது நம் கையில் இல்லை, எத்தனை மணிக்கு எழுவது என்பது நம் கையில் இருக்கிறது. ராத்திரி மூன்று மணிக்குத்தான் கண் மூடினாலும் காலை ஆறரைக்கு எழுப்பி, மொட்டை மாடியில் வெயில் படும்படி அரை மணி நேரம் உட்கார வைத்தேன். பாவமாகத்தான் இருக்கும். ஆனால் காலை வெளிச்சம்தான் உடம்புக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் கன்கஷன் ஆனவர்களுக்குத் தினமும் காலையில் அரை மணி நேரம் நீல வெளிச்சம் காட்டி ஆறு வாரம் பார்த்தார்கள், ராத்திரி சீக்கிரம் தூங்கினார்கள், பகல் அசதியும் குறைந்தது. நம் ஊரில் அந்த விளக்கை வாங்கத் தேவையில்லை, வெயிலுக்கு நமக்குப் பஞ்சமா?

படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். புரண்டுகொண்டே கிடந்தால் கட்டிலைப் பார்த்தாலே விழிப்பு வரும் பழக்கம் உடம்பில் ஊறிவிடும். மணி பார்க்கவும் வேண்டாம், எங்கள் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிச் சமையலறையில் மாட்டினோம். எழுந்து வந்து என்ன செய்வது? அது புளி சீசன். அம்மா வருஷத்துக்கு வாங்கி வைத்திருந்த புளி கூடத்தில் ஒரு கூடையில் இருந்தது. ஜீரோ வாட்ஸ் வெளிச்சத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுப்பான். கைக்கு வேலை, மூளைக்கு வேலை இல்லை. கால் மணி, அரை மணி நேரத்தில் கொட்டாவி வந்துவிடும், கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். மே மாதம் வருவதற்குள் கூடை காலியாகிவிட்டது.

காபி விஷயம் கடைசியாக. உடம்பில் போன காஃபீனில் பாதி கழியவே கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஐந்து மணி டிகாஷனில் பாதி ராத்திரி பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கிறது. மத்தியானத்துக்கு முன்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஒரேயடியாக விடாதீர்கள், காபி விட்ட தலைவலி என்று தனியாக ஒன்று வந்து சேரும்.

நாள் முழுக்கத் தூங்கித் தூங்கி விழுகிறார்

முதல் சில நாள் இது இயல்பு, விடுங்கள். எழுப்பினால் சட்டென்று எழுந்து தெளிவாகப் பேசினால் போதும். ஒரு வாரம் தாண்டியும் பகலெல்லாம் தூங்கினால், மத்தியானத் தூக்கத்தை மூன்று மணிக்கு முன், அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். அலாரம் வையுங்கள். கண் சொக்கும் நிலையில் பைக், கார் சாவியைக் கையில் கொடுக்காதீர்கள், எப்போது ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லட்டும்.

தூங்கியும் தூங்கின மாதிரியே இல்லை, பெரிய குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறார் என்றால் அது தூக்கத்தில் மூச்சடைப்பு. அடிபடுவதற்கு முன்பே இருந்திருக்கலாம், இப்போது வந்ததாகவும் இருக்கலாம். பக்கத்தில் படுப்பவர் கவனித்து டாக்டரிடம் சொல்ல வேண்டும், தூங்குகிறவருக்குத் தெரியாது.

சத்தமும் வெளிச்சமும் தாங்கவில்லை

பங்குனி சித்திரை என்றால் எங்கள் பக்கம் திருவிழாக் காலம். ஒலிபெருக்கி இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் அவன் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவான். விழாக் கமிட்டிப் பையன்களிடம் நேரில் போய் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் பக்கம் திரும்பியிருந்த குழாயை மறுநாளே திருப்பி வைத்தார்கள். கேட்டால் செய்கிறார்கள், கேளுங்கள்.

அந்தத் திருவிழா இரவுகளுக்கு மட்டும் காதில் பஞ்சு வைத்தோம். நாள் முழுக்க வைத்திருக்கக்கூடாது. எப்போதும் அடைத்தே வைத்தால் சாதாரணப் பேச்சுச் சத்தமும் இடி மாதிரி கேட்க ஆரம்பிக்கும். வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போடுவதும் அப்படித்தான், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு ராத்திரி ட்யூப்லைட் இன்னும் குத்தும். கூடத்து ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் பல்பு போடுங்கள், அது போதும்.

கரண்ட் போய் மின்விசிறி நின்றதும் காதுக்குள் 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம் கேட்கிறது என்பான். அது நாளெல்லாம் இருப்பதுதான், அமைதியில் எடுப்பாகத் தெரிகிறது. ஃபேன் ஓடும் சத்தம் மாதிரி மெல்லிய, மாறாத சத்தம் ஒன்று அறையில் இருந்தால் கவனம் அதில் போகாது. ஒரு காதில் மட்டும் கேட்டால், அல்லது அந்தக் காதில் கேட்கும் திறனும் குறைந்திருந்தால் இ.என்.டி.யிடம் காட்டுங்கள்.

கெட்ட கனவு, நெஞ்சுப் படபடப்பு

தூக்கத்தில் அவன் வலது கை இறுகும், பிரேக் பிடிக்கிற மாதிரி. அப்புறம் அலறி எழுவான். அந்த நேரத்தில் 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்பதைவிட, எங்கே இருக்கிறோம் என்று சொல்வது பலன் தந்தது. "நம்ம வீடு, நான் அக்கா, ஃபேன் ஓடுது பார்." கண்ணைத் திறந்து ஃபேனைப் பார்ப்பான், மூச்சு இறங்கும். நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடச் சொல்வேன். மூளை அதிர்ச்சியில் இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் நரம்புகளும் கொஞ்ச நாள் தடுமாறும் என்பதால் பயமே இல்லாமலும் படபடப்பு வரலாம். நெஞ்சுவலியோ மயக்கமோ சேர்ந்து வந்தால் உடனே காட்டுங்கள்.

பகலில், வெளிச்சத்தில், அந்தக் கனவை ஒரு தாளில் எழுதச் சொல்லி, முடிவை மட்டும் மாற்றி எழுத வைக்கும் ஒரு முறை உண்டு. நாய் ஓடிவிடுகிறது, பைக் நின்றுவிடுகிறது என்று. எழுதியதைத் தினமும் சில நிமிடம் மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவனுக்கு அது உதவியது. ஒரு மாதம் தாண்டியும் கனவு விடவில்லை, அந்தச் சாலையில் போகவே பயம், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறார் என்றால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். 'இதைச் சொன்னா பைத்தியம்னு நினைப்பாங்க' என்று தம்பியும் இரண்டு வாரம் மறைத்து வைத்திருந்தான். அடிபட்டவர் வாயிலிருந்து இது தானாக வராது, நாம்தான் கேட்க வேண்டும்.

ஒரு தூக்க மாத்திரை போட்டால் என்ன?

எல்லோருக்கும் தோன்றுவதுதான். அல்பிரசோலம் போன்றவை தூங்க வைக்கும், ஆனால் மறுநாள் மந்தமும் மறதியும் கூடும், தடுமாறி விழ வைக்கும், விட முடியாமல் பழகிவிடும். பக்கத்து வீட்டு மாமா வைத்திருக்கிறார் என்று வாங்கிப் போடாதீர்கள். தூக்கம் வரும் என்று சளி மாத்திரை போடுவதும் வேண்டாம். மது கூடவே கூடாது. மெலடோனின் ஓரளவு பாதுகாப்பானது, பெரியவர்கள் சிலருக்குத் தூக்கத்தின் தரம் கூடுகிறது. ஆனால் தொந்தரவு நீடிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2020-ல் வெளியான ஆய்வில், மற்ற அறிகுறிகள் குறைவதில் மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட அதிகப் பலன் தெரியவில்லை. எனவே டாக்டர் சொன்னால், சொன்ன அளவில். ஜாதிக்காய்ப் பொடி பாலில் கலந்து கொடு என்று பாட்டி சொன்னார். அளவு மீறினால் ஜாதிக்காயே குழப்பத்தையும் படபடப்பையும் உண்டாக்கும், இப்போது பார்க்க வேண்டிய அறிகுறிகளை அது மறைத்துவிடும். வெறும் பால் கொடுத்தோம்.

எப்போது மறுபடி டாக்டரிடம், என்ன கொண்டுபோவது

பெரியவர்கள் பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடுவார்கள், பிள்ளைகளுக்கு ஒரு மாதம் வரை ஆகலாம். ஒரு மாதம் ஆகியும் தூக்கம் திரும்பவில்லை என்றால், தானாகச் சரியாகும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். தூக்கமின்மைக்கு மாத்திரை இல்லாமல் பழக்கங்களை மாற்றித் தரும் சிகிச்சை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். லேசான அடிக்குப் பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட மூளையின் மேல் மெல்ல ரத்தம் சேரலாம். தாத்தா புதிதாகத் தடுமாறுகிறார், பகலில் தூங்கி வழிகிறார், பேச்சு மாறிப் போகிறது என்றால் வயசாயிடுச்சு என்று விடாமல் அன்றே காட்டுங்கள்.

ஒரு நோட்டு போட்டேன், பழைய பால் கணக்கு நோட்டு. படுத்த நேரம், எழுந்த நேரம், நடுவில் எழுப்பியது எது, போட்ட மாத்திரை, தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை. ஒரு நாளுக்கு ஒரு வரி, காலையில் எழுதுவது. முன்பு ஓ.பி.யில் மூன்று நிமிடத்தில் 'தூக்கம் வரலைங்க' என்று சொல்லிவிட்டு அதே மாத்திரையோடு திரும்பி வருவோம். நோட்டைக் கொடுத்த அன்று டாக்டர் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, "வாரத்துல அஞ்சு நாள் மாத்திரை போட்டிருக்கீங்களே" என்று முதலில் அதைத்தான் பிடித்தார். நோட்டோடு டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படம், காலி மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சுற்றல் என்றால் இ.என்.டி., கழுத்து என்றால் பிசியோ, தலைவலியும் மறதியும் என்றால் நரம்பியல். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள்.